சிறை வாசலில் சாவு: தலைவிதியா? வைத்தியக் குறைவா?

போதைக்கு அடிமைப்பட்ட ஒருவனை நாலு மாதம் ஜெயிலில் போட்டு வைத்தால் தானாகத் தெளிந்து விடுவான் என்பதாக நம் ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் இருந்து வருகின்றது. பெற்ற தாயும் அப்படியே நம்புகிறாள். போலீஸ்காரரும் அப்படியே சொல்லுகிறார். ஊர்ப் பெரியவர்களும் அப்படியே தலையை ஆட்டுகிறார்கள். அவன் வெளியே வந்த பத்தாம் நாள் ஒரு குட்டிச் சுவர் ஓரத்தில் பிணமாய்க் கிடந்தால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய் விடுகிறார்கள். ஜெயில் தெளிய வைக்கும் என்பதும் பொய்; தலையெழுத்து கொன்றது என்பதும் பொய். இவை சாதாரணப் பொய்களல்ல, ஆளைக் கொல்லுகின்ற பொய்கள் என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். போதை என்றால் எல்லாம் ஒன்றல்ல. சாராயத்தின் சங்கதி வேறு, கஞ்சாவின் சங்கதி வேறு. அவற்றிற்கு வைத்தியமும் வேறு. இங்கு நாம் பேசுவது அபினி வர்க்கத்தைப் பற்றியதாகும். அபினியும், அதிலிருந்து எடுக்கும் மார்பினும், மார்பினிலிருந்து செய்யும் ஹெராயினும், கடுமையான வலிக்கு வைத்தியர்கள் கொடுக்கும் டேபென்டடால் போன்ற மாத்திரைகளும் மூளையில் ஒரே இடத்தில் போய் வேலை செய்கின்றவை. இந்த வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக் கொள்ளும் வழக்கம் சமீப காலமாகத் தமிழ்நாட்டுப் பட்டணங்களில் வாலிபர்களிடையே பரவி வருவதைப் பத்திரிகை படிக்கின்ற எவரும் அறிவர். 2019-ல் மத்திய சர்க்காருக்காகத் தில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையார் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் அபினி வர்க்கத்தை உபயோகிப்போர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். அவர்களில் உதவி தேவைப்படுகின்ற நிலையில் உள்ளவர்கள் சுமார் 77 லட்சம் பேர். இது யாரோ நாலு போக்கிரிகளின் சங்கதியல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி ஜெயிலில் நடப்பது என்ன? இந்த வர்க்கத்து மருந்தைத் தினசரி எடுத்துக் கொள்ளுகின்றவனுடைய தேகம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தாங்கப் பழகிக் கொள்ளுகின்றது. முதல் நாள் ஆளைக் கொன்றிருக்கக் கூடிய அளவு, ஆறு மாதத்தில் அவனுக்குச் சாதாரண அளவாகி விடுகின்றது. திடீரென்று நிறுத்தினால் வாந்தி, பேதி, குளிர், எலும்பு முறிவது போன்ற வலி, தூக்கமின்மை எல்லாம் வந்து ஒரு வாரம் பத்து நாள் வதைத்து விட்டு அடங்கும். அடங்கியதைப் பார்த்து "தெளிந்து விட்டான்" என்கிறார்கள். அடங்கியது வலிதானே தவிர, ஆசையல்ல. அந்த ஆசை மூளையில் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் தங்கி இருக்கின்றது. ஆனால், தாங்கும் சக்தியோ சில வாரத்திற்குள் போய் விடுகின்றது. அதாவது ஜெயில் அவனிடமிருந்து எடுத்து விட்டது அவனுடைய காப்பை. விட்டு வைத்தது அவனுடைய வியாதியை. இந்த நிலையில் வெளியே வந்தவன் பழைய சிநேகிதனைக் கண்டு பழைய அளவை ஒரு தரம் ஏற்றிக் கொண்டானானால் மூச்சு மந்தித்து, பிறகு நின்றே போகின்றது. இதில் எமனும் இல்லை, சித்திரகுப்தன் கணக்கும் இல்லை. மூச்சை நடத்துகின்ற மூளைப் பாகத்தை மருந்து அமுக்கி விட்டது, அவ்வளவுதான்.

இது நம்முடைய யூகமல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து விடுதலையான 30 ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார்கள். விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் போதை மருந்து மிஞ்சிச் சாகும் அபாயம் அந்த மாகாணத்தின் மற்ற ஜனங்களுக்கு உள்ளதைப் போல் 129 மடங்காக இருந்தது. இரண்டு மடங்கல்ல, பத்து மடங்கல்ல தோழர்களே, 129 மடங்கு! அபினி மட்டுமின்றி மற்றப் போதை மருந்துகளும் சேர்ந்த கணக்கு இது. தேசம் வேறாயினும் மனிதனுடைய மூச்சுப்பை வேறல்ல. கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையிலிருந்து வெளியே வந்து பஸ் ஏறி, குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர் நாற்சந்தியில் இறங்குகின்ற ஒருவனுக்கும் அதே தேகம், அதே மூளை, அதே அபாயம்தான்.

அப்படி இறங்குகின்றவன் ஒருவனை நாம் எவ்விதம் வரவேற்கின்றோம்? வீட்டார் முதலில் தலையில் தண்ணீர் ஊற்றித் தோஷம் கழிக்கிறார்கள். பிறகு குலதெய்வத்திற்கு அழைத்துப் போய் மொட்டையடிக்கிறார்கள். பூசாரியிடம் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குகிறார்கள். அடுத்தபடியாக ஜோசியரிடம் போய் "சனி எப்பொழுது விலகும்?" என்று கேட்கிறார்கள். இவ்வளவுக்கும் கடன் வாங்கியாவது பணம் செலவு செய்கின்றவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் அழைத்துப் போவதற்கு மாத்திரம் "மானம் போய்விடும்" என்று அஞ்சுகிறார்கள். சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவனைப் பயமுறுத்துகிறார்கள். வியாதி முற்றி அவன் மீறினானானால், சாமிக்குப் பயந்து அதை மறைக்கின்றான். மறைவில் போய்த் தனியாக ஏற்றிக் கொள்ளுகின்றான். தனியாக ஏற்றிக் கொண்டதனாலேயே, மூச்சு நிற்கும்போது பக்கத்தில் தூக்கிவிட ஆளில்லாமல் சாகின்றான். ஆகவே அந்தக் கயிறு அவனைக் காப்பாற்றவில்லை என்பது மாத்திரமல்ல. அவனைக் கொல்லுவதற்கு ஒத்தாசையும் செய்தது என்று சொல்லுகின்றோம்.

கயிற்றுக்கு அடங்காதவனுக்குச் சங்கிலி போடுவது நம் நாட்டு வழக்கம். மூளை சம்பந்தமான வியாதிக்கு வைத்தியரை விட்டுத் தீர்த்தத்தையும் தாயத்தையும் சங்கிலியையும் நம்பியதன் பலன் என்ன என்பதை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியிலே கண்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்து 28 பேர் மாண்டார்கள். ஏர்வாடி தர்காவுக்கும் கேட்கின்றோம், மொட்டையடிக்கும் கோயிலுக்கும் கேட்கின்றோம், ஜெபத்தால் போதையைத் துரத்துவதாகச் சொல்லும் பாதிரிகளுக்கும் கேட்கின்றோம்: உங்களுக்கே ஜுரம் வந்தால், பல் வலித்தால், எந்த வாசலுக்கு ஓடுகிறீர்கள்? உங்களுக்கு டாக்டர், ஏழைக்குச் சங்கிலியா?

"பூர்வ ஜென்ம பாவம் அனுபவிக்கிறான்" என்று சொல்லுகின்ற வைதீகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷிங்டனில் செத்தவனுக்கும் பூர்வ ஜென்மம் உண்டா? அப்படியானால் அந்தப் பூர்வ ஜென்ம பாவம் எல்லாம் சரியாக விடுதலையான முதல் இரண்டு வாரத்திற்குள் வந்து விழுவானேன்? பிரமன் ஜெயில் காலண்டரைப் பார்த்தா தலையில் எழுதினான்? எங்கே வைத்தியம் கொடுக்கப்பட்டதோ அங்கே சாவு குறைந்தது என்று கணக்கு காட்டினால், மாத்திரை போய்ப் பிரமனுடைய எழுத்தை அழித்து விட்டது என்று ஒப்புக் கொள்வார்களா?

அந்தக் கணக்கையும் காட்டுகின்றோம். இந்த வியாதிக்கு மருந்து உண்டு. மெத்தடோன் என்றும் புப்ரெநார்பின் என்றும் பெயர். இரண்டையும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2005-ல் அவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். புப்ரெநார்பின் நாக்கின் கீழே வைத்துக் கரைக்கும் மாத்திரை. அபினி போய் உட்காருகின்ற அதே இடத்தில் இது போய் உட்கார்ந்து கொண்டு, வலியையும் ஆசையையும் அடக்கும். ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. இதைச் சாப்பிடுகின்றவன் வேலைக்குப் போவான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துப் போவான். சம்பளத்தை வீட்டில் கொடுப்பான். அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்ற சிறிய மாகாணத்தில் 2016 முதல் சிறைக்குள்ளேயே இம்மருந்துகளைக் கொடுத்து, விடுதலையானவுடன் வெளி ஆஸ்பத்திரியோடு சேர்த்து விட்டார்கள். 2016-ன் முதல் ஆறு மாதத்தில் போதை மிஞ்சி மாண்டவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017-ன் முதல் ஆறு மாதத்தில் அது 9 ஆகக் குறைந்தது. நம் நாட்டிலேயே தில்லி திகார் சிறையில் 2008-ல் எய்ம்ஸ் வைத்தியர்களின் யோசனையோடு புப்ரெநார்பின் வைத்தியம் ஆரம்பிக்கப்பட்டது. பஞ்சாபிலும் இம்மருந்து கொடுக்கும் நிலையங்கள் ஊர்களில் மட்டுமல்லாமல் சிறைகளுக்குள்ளும் வைக்கப்பட்டன. திகாருக்கும் பஞ்சாபுக்கும் ஆகக் கூடியது கேப்பர் மலைக்கு ஆகாதா?

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? எத்தனை நாளைக்கு மாத்திரை?" என்று சிலர் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். இதற்கு விடை நெய்வேலியிலே இருக்கின்றது. நெய்வேலி நிலக்கரிக்குக் கீழே பூமியில் பெரும் நீரூற்று மேல் நோக்கி முட்டிக் கொண்டிருக்கின்றது. அந்த நீரை இரவு பகல் ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும். 1950-களில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து இறைத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். "பூமாதேவியிடம் ஒரு தரம் சத்தியம் வாங்கிக் கொண்டு பம்பை நிறுத்தி விடலாம்" என்று எந்த இஞ்சினீயராவது சொன்னதுண்டா? "எத்தனை நாளைக்கு இறைப்பது?" என்று கேட்டு எவராவது சுரங்கத்தை மூடியதுண்டா? சர்க்கரை வியாதிக்காரனுக்கு இன்சுலின் எத்தனை நாளைக்கு என்றால் வேண்டிய நாள் மட்டும். இதுவும் அப்படியே. நிறுத்தலாம் என்று வைத்தியர் சொல்லும்போது மெதுவாகக் குறைத்து நிறுத்துவது, அதுவரை தொடருவது. "மாத்திரையை வெளியே விற்று விடுவார்கள்" என்ற பயத்தில் நியாயம் உண்டு. அதற்காகத்தான் ஆரம்பத்தில் கண்ணெதிரே கரைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். களவுக்குப் பயந்து பூட்டுப் போடலாமே ஒழியக் கடையையே கொளுத்தலாமா?

"குற்றவாளிக்குச் சர்க்கார் பணத்தில் வைத்தியமா?" என்பது அடுத்த ஆட்சேபணை. இந்தச் சர்க்கார் என்பதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் 1857-லும் 1878-லும் அபினிச் சட்டம் செய்து, அபினியைச் சர்க்கார் தன் ஏகபோகமாக வைத்துக் கொண்டு, லைசென்சுக் கடை வைத்து விற்று வருமானம் பார்த்தது. 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அபினியோ ஹெராயினோ உபயோகித்தவனுக்கு ஜெயில். 2003 முதல் தமிழ்நாட்டில் சர்க்காரே டாஸ்மாக் கடை வைத்துச் சில்லறையாகப் பாட்டில் விற்கின்றது. ஆக, ஒரு போதையை விற்கின்றவன் அதிகாரி, இன்னொரு போதையை விழுங்கினவன் கைதி! விற்றதில் வருமானம் பார்த்த கஜானாவுக்கு, வியாதிக்காரனுக்கு மருந்து வாங்க மாத்திரம் ஏன் கை நடுங்க வேண்டும்? அன்றியும் ஜெயிலில் அவனுக்குச் சோறு போட்டு, காவல் வைத்து, திரும்பத் திரும்பப் பிடித்து வருகின்ற செலவு சர்க்கார் பணமில்லையா?

வடலூர்க்காரர்களுக்கு இதை நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பசியைப் பிணி என்றே பேசிய இராமலிங்க அடிகள் 1867-ல் வைத்த தருமசாலை அடுப்பு இன்றும் எரிகின்றது. அங்கே சோறு போடும்போது, "நீ எந்த ஜாதி? ஜெயிலுக்குப் போனாயா? நடத்தைச் சீட்டு எங்கே?" என்று யாராவது கேட்கிறார்களா? வயிற்றுப் பிணிக்குக் கேட்காத யோக்கியதையை மூளைப் பிணிக்கு மாத்திரம் கேட்பதேன்? தைப்பூசத்தன்று ஏழு திரை விலகுவதைப் பார்க்க லட்சக் கணக்கில் கூடுகிறீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் சுருண்டு கிடக்கின்றவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளுகின்றீர்களே, உங்கள் கண்ணை மறைக்கின்ற அந்தத் திரையை விலக்குவது எப்போது?

சட்டம் குறுக்கே நிற்கின்றதோ என்றால், அதுவும் இல்லை. அந்த 1985-ம் வருஷத்துச் சட்டத்திலேயே 39-வது பிரிவு இருக்கின்றது. போதையை உபயோகித்ததற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்ப்பான அடிமையை, அவனுடைய சம்மதத்தின் மேல், ஜெயிலுக்கு அனுப்பாமல் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக் கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திற்கோ வைத்தியத்திற்கு விடலாம் என்று கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கின்றது. 64ஏ பிரிவு, தானாகவே முன்வந்து வைத்தியம் செய்து கொள்ளுகின்றவனுக்கு அத்தகைய வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகின்றது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், போதையால் உண்டாகும் மனக் கோளாறும் மனநோயே என்று சொல்லுகின்றது; ஒவ்வொரு மாகாணத்திலும் குறைந்தது ஒரு சிறையின் வைத்தியப் பகுதியிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கின்றது. 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை ஒப்புக் கொண்ட மண்டேலா விதிகளில் 24-வது விதி, கைதியின் வைத்தியம் வெளியிலும் அறுபடாமல் தொடர வேண்டும் என்பதில் போதை அடிமைத்தனத்தையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கின்றது. சட்டம் புஸ்தகத்தில் தூங்குகின்றது, வக்கீலுக்கு ஞாபகமில்லை, குடும்பத்திற்குத் தெரியாது, தெரியாதவனுடைய உரிமையைத் தேடி எவரும் வீட்டுக்கு வந்து கொடுக்கப் போவதில்லை.

ஆகையால் நாம் கேட்பது இவைதான்.

ஒன்று, ஜெயிலுக்குள் வருகின்ற முதல் நாளே ஒவ்வொருவரையும், ஆணாயினும் பெண்ணாயினும், இவ்வியாதி உண்டா என்று வைத்தியர் விசாரித்து அன்றே மருந்து ஆரம்பிக்க வேண்டும். 2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு ஜாமீன் எந்த நாள் சாயங்காலம் வரும் என்று யாருக்கும் தெரியாது. விடுதலைக்கு முந்தின வாரம் பார்த்துக் கொள்ளலாம் என்றால் அந்த வாரம் வருவதே இல்லை.

இரண்டு, வாசலைத் தாண்டும்போது அவன் கையில் வைத்தியர் சீட்டும், சில நாளைக்கு மருந்தும், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது என்ற விவரமும் இருக்க வேண்டும்.

மூன்று, கடலூர் தலைமை ஆஸ்பத்திரியிலும் சிதம்பரம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மட்டுமல்லாமல், கூலிக்காரன் ஒரு நாள் கூலியை இழக்காமல் போய் வரக் கூடிய தூரத்தில் இம்மருந்து கிடைக்க வேண்டும். 2025-ல் தமிழ்நாடு சர்க்கார் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு நிலையங்கள் திறந்தது. நல்ல பெயர். ஆனால் கப்பலுக்குக் கலங்கரை இருந்தால் மட்டும் போதாது. கப்பலுக்கு அந்த வெளிச்சம் தெரிய வேண்டும். ஜெயில் வாசலிலிருந்து அந்த நிலையத்திற்கு வழி போட வேண்டும்.

நான்கு, கோர்ட்டு நன்னடத்தையில் விட்டவனைக் கண்காணிக்கின்ற அதிகாரி, கையெழுத்து வாங்குகின்ற குமாஸ்தாவாக மட்டும் இருக்கக் கூடாது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அவருடைய வேலையாக வேண்டும். ஒரு தரம் தவறினால் உடனே ஜெயில் என்னாமல், வியாதி திரும்பியது என்று வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

சர்க்கார் செய்கின்றபோது செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் தோழர்கள் இன்றே செய்யக் கூடியவை உண்டு. உங்கள் தெருவில் ஒருவர் ஜெயிலிலிருந்து வரப் போகின்றார் என்று தெரிந்தால், பூசாரி போவதற்கு முன் நீங்கள் வாசலில் போய் நில்லுங்கள். "பழைய அளவு இப்போது உயிரைக் குடிக்கும்" என்பதை அவருக்கும் வீட்டாருக்கும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அவரைத் தனியே விடாதீர்கள். மயங்கிக் கிடந்து, மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பூத்திருந்தால் எலுமிச்சம் பழமும் விபூதியும் தேடாமல் 108-க்குச் சொல்லுங்கள். "இன்ன மருந்து எடுத்தார்" என்று வைத்தியரிடம் மறைக்காதீர்கள். நலாக்சோன் என்ற ஊசி மருந்து, அபினி வர்க்கத்தின் பிடியை நிமிஷத்தில் அவிழ்த்து மூச்சைத் திருப்பக் கூடியது. போதை வைத்தியத்திற்கு வழி கேட்க 14446 என்ற எண்ணும், மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும் சர்க்காராலேயே வைக்கப்பட்டிருக்கின்றன, காசு கேட்பதில்லை. வழக்கில் மாட்டியவருக்கு ஜில்லா சட்ட உதவிக் குழுவில் இலவச வக்கீல் உண்டு. அந்த வக்கீலிடம் 39-வது பிரிவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

தோழர்களே! பெரியம்மையை மாரியாத்தாள் கோபம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. கூழ் ஊற்றினோம், வேப்பிலை கட்டினோம். லட்சக் கணக்கில் செத்தோம். அம்மை குத்தினார்கள், 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்து விட்டதாகச் சான்று கொடுக்கப்பட்டது. மாரியாத்தாள் கோபித்துக் கொண்டு திரும்பி வரவில்லை. அதே போல, ஜெயில் வாசலில் விழுகின்ற பிணமும் விதியால் விழவில்லை. மருந்து இருந்தும் கொடுக்கப்படாததால் விழுகின்றது. கொடுக்காதவன் மேல் இருக்கின்ற குற்றத்தை இல்லாத பிரமன் மேல் ஏற்றிச் சொல்லும் வரையில் அந்தப் பிணங்கள் விழுந்து கொண்டுதான் இருக்கும். விதியை விட்டு விட்டு, வைத்தியம் எங்கே என்று கேளுங்கள். கிடைக்கும் வரையில் கேளுங்கள்.